இறையியல் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இறையியல் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலை), எம்.டிஎச். (இறையியல் முதுநிலை) படிப்புகளில் சேர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் முதலாண்டு மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லித் தருகிறவன். பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் பி.எஸ்ஸி. கணினி அறிவியல். வரலாறோ தத்துவமோ படிக்காதது பி.டி.க்குக் குறையா?

இல்லை தம்பி. பட்டதாரிகளுக்கு அது நாலு வருஷப் படிப்பு, எந்தப் பட்டமானாலும் சரி. சபை ஊழியத்துக்குப் போகிறவர் என்றால் சேகர குருவையும் (உங்கள் சபைப் போதகர்) திருமண்டல அலுவலகத்தையும் (பிஷப் அலுவலகம்) முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், பரிந்துரைக் கடிதம் கடைசி வாரத்தில் கிடைக்காது. அறிவியல் மாணவர்கள் மொழி இலக்கணத்தை நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் திணறுவது கட்டுரையில்தான்.

எனக்கு எழுத வரும், அண்ணா. வாலிபர் கூட்டத்தில் மாதாமாதம் தேவசெய்தி (பிரசங்கம்) கொடுக்கிறேன். அது போதாதா?

செய்தி கொடுத்துப் பழகிய கைதான் அதிகம் சிரமப்படும். நாலாவது வரியிலேயே "ஆகவே பிரியமானவர்களே" என்று வந்து நிற்கும்! பேராசிரியர் கேட்பது, வசனம் என்ன சொல்கிறது, நீங்கள் எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இயேசு ஞானஸ்நானம் பெறும் பகுதியை மத்தேயு 3, மாற்கு 1, லூக்கா 3 மூன்றிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்கில் வானத்திலிருந்து வரும் குரல் "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்கிறது. மத்தேயுவில் "இவர் என்னுடைய நேசகுமாரன்". ஒன்று இயேசுவிடம் பேசுகிறது, மற்றது அவரைப் பற்றிப் பேசுகிறது. யோவான் முதலில் தடுக்கும் பேச்சு மத்தேயுவில் மட்டும்தான். லூக்காவில் இயேசு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த வேறுபாடுகளை வைத்து, புத்திமதி ஒரு வரிகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை விசுவாசி அல்லாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். வாதம் அவருக்குப் புரிந்தால் நீங்கள் தயார். வாரம் ஒன்று இப்படி எழுதினால் முதல் பருவத்தில் பாதிச் சுமை குறையும்.

கிரேக்கம் முன்கூட்டியே படிக்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.

எழுத்துகளை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். 24 எழுத்து, ஒரு வாரம் போதும். வேற்றுமைதான் பயம் என்றால், எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு ஐந்து பெரிதா? 'வார்த்தை' என்பதற்கு லோகோஸ். வாக்கியத்தில் எழுவாயாக வந்தால் லோகோஸ், செயப்படுபொருளானால் லோகோன், 'வார்த்தையினுடைய' என்றால் லோகூ. நாம் உருபு ஒட்டுகிறோம், அவர்கள் ஈற்றை மாற்றுகிறார்கள். அப்புறம் சொற்கள். புதிய ஏற்பாட்டில் 50 தடவையும் அதற்கு மேலும் வரும் சொற்கள் ஏறக்குறைய 300தான். அவை தெரிந்தாலே எந்தப் பக்கத்திலும் ஐந்தில் நாலு சொல் தெரிந்த முகமாக இருக்கும். எபிரேயம் பொறுக்கலாம், ஆசிரியர் இல்லாமல் தொடங்கினால் உச்சரிப்பு கெட்டுவிடும்.

இறையியல் கல்லூரிக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்கிறார் அப்பா.

அப்பாக்கள் எல்லாரும் சொல்வதுதான், அதில் கொஞ்சம் காரணமும் உண்டு. மாற்கு 16:9-20 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் இல்லை என்று வகுப்பில் முதன்முதலாகக் கேட்கும் மாணவர் ஆடிப்போகிறார். அதையே வீட்டில் நிதானமாகப் படித்திருந்தால் கேள்வி கேட்பார். ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களைக் குறிப்பெடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்றில் மிருகங்கள் முதலில், மனிதர் பிறகு. இரண்டில் ஆதாம் முதலில். 'தேவன்' என்றே வந்துகொண்டிருந்தது 2:4இலிருந்து 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறுவது நம் தமிழ் வேதாகமத்திலேயே தெரியும். இவற்றை அறிஞர்கள் எப்படி விளக்குகிறார்கள் என்பதுதான் முதலாண்டுப் பாடத்தின் பெரும்பகுதி. அப்பாவையும் கூட உட்கார வைத்துப் படியுங்கள்.

பி.டி. முடிக்கப் போகிறேன். எம்.டிஎச். எந்தத் துறையில் சேரலாம்?

எந்த மொழி உங்களிடம் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஏற்பாடு என்றால் எபிரேயம், புதிய ஏற்பாடு என்றால் கிரேக்கம், இதில் சமாளிப்பு நடக்காது. மொழி உதிர்ந்துவிட்டதென்றால் திருச்சபை வரலாறு, மதங்கள், சமூகப் பகுப்பாய்வு போன்ற துறைகள் இருக்கின்றன. அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். புராட்டஸ்டண்ட் மிஷனரிகளின் தரங்கம்பாடி மிஷன் 1706இல் தொடங்கியது, அதன் ஆவணங்களில் தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இன்னும் வேலை கிடக்கிறது.

கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கும் இதே தயாரிப்பா?

அது வேறு பாதை. 1983 திருச்சபைச் சட்டப்படி குறைந்தது ஆறு ஆண்டு: இரண்டு முழு ஆண்டு மெய்யியல், நாலு முழு ஆண்டு இறையியல். மெய்யியல் முன்னால் வருவதால் தர்க்கம் படித்துவிட்டுப் போங்கள். லத்தீனும் எதிர்பார்க்கப்படுகிறது.

அக்கா ஒருவர் கேட்கச் சொன்னார்: வயது 38, பள்ளி ஆசிரியை, முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர். முடியுமா?

முடியும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் இறையியல் கற்பிப்பதற்கே பேர் போனது, அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனாலும் நூலகத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். தினம் ஒரு பக்கம் ஆங்கில விளக்கவுரை படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். விடைத்தாள் திருத்திப் பழகியவர், அந்த ஐந்து வரியை அவரே திருத்திக்கொள்வார்.