மேலாளர்களுக்குப் புத்தாக்கப் பாடம்: கேளுங்கள், சொல்கிறேன்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மேலாளர்களுக்கு வார இறுதியில் தொழில்நுட்ப, புத்தாக்க மேலாண்மை எடுக்கிறேன். அதுபற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனியின் கதையைச் சொன்னால் "கோட்டை விட்டார்கள்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது சார்? (புதிதாகப் பாடம் எடுப்பவர்)

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறீர்கள். 2012-இல் திவால் மனு என்று தெரிந்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? கம்பெனி பெயரை மறைத்துவிடுங்கள். வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள்: ஆண்டு 1975. இளம் பொறியாளர் ஒருவர் (ஸ்டீவ் சாசன்) ஒரு கனத்த பெட்டியோடு வருகிறார். ஃபிலிம் இல்லாத கேமரா. கறுப்பு வெள்ளை, 100-க்கு 100 புள்ளிகள், ஒரு படம் கேசட்டில் பதிய 23 வினாடி, பார்க்க டிவி வேண்டும். உங்களுக்கோ ஃபிலிமிலும் காகிதத்திலும் ரசாயனத்திலும் லாபம் கொட்டுகிறது. இதற்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? எழுதி வாங்குங்கள். என் வகுப்பில் பெரும்பாலும் "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்றுதான் வரும். அப்புறம்தான் உண்மையான கேள்வி: எந்த அறிகுறி தெரிந்தால் தொகையைக் கூட்டுவீர்கள்? அதற்கு ஒரு மணி நேரம் விடுங்கள்.

கோடாக்கின் போட்டியாளரான ஜப்பானின் ஃபியூஜி மட்டும் எப்படித் தப்பியது?

விற்கும் பொருளை விட்டுவிட்டு, கைவசம் உள்ள வித்தையைப் பார்த்தார்கள். ஃபிலிமில் இருக்கும் ஜெலட்டின், நம் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. படம் வெளுக்காமல் காக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கவும் தெரியும். இரண்டையும் வைத்து முகப்பூச்சு விற்க ஆரம்பித்தார்கள்! எல்சிடி திரைக்கான படலமும் இப்படி வந்ததுதான்.

எல்லாம் பெரிய கம்பெனிக் கதை. நம்ம பக்கம் ஏதும் இல்லையா? (பம்ப் தயாரிப்பு, கோவை)

மதுரை ஆரோலேப். கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸை அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992 முதல் தயாரிக்கிறார்கள். இறக்குமதி லென்ஸைவிடப் பல மடங்கு விலை குறைவு. லென்ஸ் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. தொழில்நுட்பத்தை வாங்கி, கற்று, தரத்தைப் பிடித்தார்கள். வாங்குவதற்குச் சொந்த மருத்துவமனையே தயாராக இருந்தது. என் மாணவர்களில் பலர் செய்யப்போவது இந்த வகை வேலைதான், ஆகவே கோடாக்கைவிட இதற்கே அதிக நேரம் கொடுப்பேன்.

"டெக்னாலஜி ரெடி" என்று விற்க வருகிறவர்களை எப்படி எடைபோடுவது? (கொள்முதல் பிரிவு)

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்று அளக்கும் நாசாவின் ஒன்பது படி அளவுகோலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஓடினால் நான்காம் படி. களத்தில் உண்மையாகவே வேலை செய்து நிரூபித்தால்தான் ஒன்பது. அரை மணி நேரம் போதும்.

தேர்வு வைக்கலாமா?

வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் பாதியில் நின்றுபோன ஒரு திட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். பெயரையும் எண்களையும் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். பக்கத்து நாற்காலியில் போட்டிக் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருப்பார்.