ரத்த உறவில் ஒருவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். பெண்கள் சிறைகளில் இடமில்லாமல் நெருக்கிப் படுப்பதாகவும், தாய்மாருடன் சிறு குழந்தைகளும் உள்ளே வளர்வதாகவும் படித்தேன். (குற்றம் செய்யாமல் யாரும் உள்ளே போவதில்லை என்றாலும், குழந்தைகள் என்ன பாவம் செய்தன?) சென்ற ஆண்டுதான் சொந்த வீடு கட்டிக் குடிவந்தோம். இந்த ஆண்டு மகளின் பிறந்தநாளில் அந்தக் குழந்தைகளுக்குப் பொம்மையும் துணியும் கொடுக்க விரும்புகிறேன். பெண்களுக்கு அரசு மேலும் சிறைகளைக் கட்டினால் என்ன?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

தாராளமாகக் கொடுங்கள். சிறை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். பொம்மையைவிடக் குழந்தைகளுக்கான செருப்பும் போர்வையும் அதிகம் உதவும்.

உங்கள் அடைப்புக்குறி வாக்கியத்தைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 23,772 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று நீதிமன்றமே இன்னும் சொல்லாதவர்கள். நீதிபதி சொல்லத் தயங்குவதை நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டீர்கள்.

புதிய சிறைகள் தேவைப்படும் மாநிலங்கள் உண்டு, மறுக்கவில்லை. 2021 கணக்குப்படி நாடு முழுவதும் பெண்களுக்கென இருந்த தனிச் சிறைகள் 32. பெரும்பாலான பெண்கள் ஆண்கள் சிறைக்குள் சுவரெழுப்பிப் பிரித்த ஒரு மூலையில்தான் அடைக்கப்படுகிறார்கள். புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை எனத் தனிச் சிறைகள் உள்ள தமிழ்நாடு இதில் பரவாயில்லை. ஆனால் ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவளுக்குப் புதுக் கட்டடத்தால் என்ன பயன்?

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவந்த ஒரு பெண்ணை, அவற்றுள் ஒரு வீட்டில் வளையல் காணாமல் போனதென்று ரிமாண்ட் செய்தார்கள். பதினாறாம் நாள் ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் தலா பத்தாயிரத்துக்குப் பிணை நிற்க வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டு வரி ரசீதும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு நான் போனேன். “இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார்கள். வேலை செய்தவர் என்றேன். இரண்டாவது ஆளாக நிற்கலாம், முதலில் சொந்தக்காரர் வரட்டும் என்றார்கள். கணவர் எப்போதோ போய்விட்டிருந்தார். தம்பியிடம் போனேன், திண்ணையை விட்டு எழாமலேயே, மானம் போய்விட்டது, அவள் அங்கேயே இருக்கட்டும் என்றார்.

அந்த நாட்களில் மனு போட்டு அவளைப் பார்க்கப் போவேன். அருகிலிருந்த ஆண்கள் சிறை வாசலில், பிஸ்கட் பொட்டலங்களும் மாற்று லுங்கிகளுமாகப் பெண்கள் வெயிலில் நீண்ட வரிசையில் நிற்பார்கள். மனைவி, அம்மா, அக்கா, கைக்குழந்தையோடு தங்கை. பெண்கள் சிறை வாசலில் என்னையும் சேர்த்து நான்கைந்து பேர், அதிலும் பாதி வயதான தாய்மார்கள். ஆண் உள்ளே போனால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது ஆளைக் கூட்டி வந்துவிடுகிறாள் ஒருத்தி. பெண் உள்ளே போனால் வீடே கதவைச் சாத்திக்கொள்கிறது. நீதிமன்றம் கேட்கும் ரத்த உறவு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நெரிசலைப் பற்றிப் பேசும் எவரும் இந்த நிபந்தனையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆத்திரம்.

இது நீதிமன்றங்கள் அறியாததும் அல்ல. 1978 இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டதோடு, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவருடைய சகோதரரின் பிணையையும் கீழ் நீதிமன்றம் ஏற்க மறுத்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. அதே ஆண்டு ஏழை விசாரணைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசின் திட்டமும் வந்தது. பணம் கொடுக்கத் திட்டம் இருக்கிறது. அக்கா தங்கையைக் கொடுக்க எந்தத் திட்டத்தாலும் முடியாது.

கடைசியில் வந்தவள் அவளுடைய அக்கா மகள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு, இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். கையெழுத்திடும் முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “எங்க வீட்டுக்காரருக்குத் தபால் எதுவும் போகாதே அம்மா?” ஜாமீன் கிடைத்ததற்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே 41 நாட்கள் ஓடியிருந்தன.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2022 இறுதியில் தாய்மாரோடு சிறையில் இருந்த குழந்தைகள் 1,764. ஆறு வயது வரைதான் தாயுடன் இருக்கலாம் என்பது 2006 இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அவர்களில் எத்தனை குழந்தைகளின் தாய்மார் இன்று ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். நீங்கள் அவர்களுக்கு ரத்த உறவாக முடியாது. ஆனால் அந்த நிபந்தனை இல்லாத இடங்களிலும், இரண்டாவது ஆளாகவும் நிற்க முடியும்.

சொந்த வீடு கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது?