டிவியை மானிட்டராக வைத்தால் எழுத்து ஏன் மங்குகிறது?

கேள்வி: லேப்டாப்பை 43 இன்ச் 4கே டிவியுடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, இரண்டாவது மானிட்டராகப் பயன்படுத்துகிறேன். சினிமா பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. எக்செல் திறந்தாலோ எழுத்தெல்லாம் கலங்கலாக, ஓரத்தில் நிறம் ஒட்டியதுபோல் தெரிகிறது. டாஸ்க்பாரில் பாதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. மவுஸும் சற்றுத் தாமதமாகவே நகர்கிறது. விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்குக் கேபிளுக்குச் செலவு செய்யாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிள் சரியில்லை என்றால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாக மினுக்கும், அல்லது வரவே வராது. எழுத்தை மட்டும் பொறுக்கியெடுத்து மங்க வைக்காது. இணைத்திருப்பது கம்ப்யூட்டர் என்று டிவிக்குத் தெரியவில்லை; சினிமா ஓடுவதாக நினைத்துப் படத்தை மெருகேற்றப் பார்க்கிறது. அதனால் முதலில் ரிமோட்டை எடுங்கள், லேப்டாப்பை அப்புறம் பார்க்கலாம்.

இன்புட் பட்டியலில் லேப்டாப் இணைந்திருக்கும் எச்டிஎம்ஐ-யின் பெயரையோ ஐகானையோ ‘பிசி’ என்று மாற்றுங்கள். வெறும் பெயர் மாற்றம்தானே என்று விட்டுவிடாதீர்கள். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் இந்த ஒரு மாற்றத்திலேயே டிவி சிக்னலைக் கையாளும் விதம் மாறிவிடும். அந்த வசதி இல்லாத டிவியில் பிக்சர் மோடில் ‘கேம்’ அல்லது ‘கிராபிக்ஸ்’ இருந்தால் அதை வையுங்கள்.

எழுத்தின் ஓரத்தில் நிறம் ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வீடியோவில் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக இருக்கும். நிறம் மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். இதை 4:2:0 என்பார்கள். நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரியும் அளவு நிற வேறுபாடு நுணுக்கமாகத் தெரியாது என்பதால் சினிமாவில் இது உறுத்தாது. எழுத்தின் கோடோ ஒன்றிரண்டு புள்ளி அகலம்தான். பக்கத்துப் புள்ளியின் நிறம் அதில் கசிந்தால் உடனே கண்ணில் படும். நமக்கு வேண்டியது ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறம், அதாவது 4:4:4. அது கிடைக்கிறதா என்று பார்க்க, வேர்டில் கருப்புப் பின்னணி வைத்துச் சிவப்பிலும் நீலத்திலும் சின்ன எழுத்தாக ஒரு வரி அடித்துப் பாருங்கள். கோடுகள் பிசிறாமல் இருந்தால் கிடைக்கிறது. உடைந்தும் மங்கியும் தெரிந்தால் இன்னும் இல்லை.

கூடவே ஷார்ப்னஸையும் குறையுங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறதா? அது மறையும்வரை இறக்கலாம். பல டிவிகளில் பூஜ்ஜியம்தான் சரியான அளவு.

டாஸ்க்பார் மறைவது பழைய பழக்கத்தின் மிச்சம். படக்குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக இருக்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பை வெட்டிவிடுவார்கள். அதே வேலையை இன்றைய டிவிகளும் சில நேரம் செய்கின்றன. பிக்சர் சைஸ் மெனுவில் எல்ஜி என்றால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங் என்றால் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனி என்றால் ‘ஃபுல் பிக்சல்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்தும் இன்னும் கொஞ்சம் தெளியும்.

இப்போது மவுஸ். பிசி மோடுக்கு மாற்றியதுமே பெரும்பாலும் தாமதம் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய், ரெஃப்ரெஷ் ரேட், அதாவது ஒரு நொடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு, எவ்வளவு என்று பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ-யின் பழைய பதிப்பான 1.4 ஆக இருக்கலாம். 4கே-யில் அதற்கு 30தான் முடியும். எச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 60 கிடைக்கும், ஆனால் டிவியிலும் அந்த போர்ட்டுக்கு அதைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் அது ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’. கேபிளைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு வர நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் தாங்கும் கேபிள் தேவை. உறையில் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றிருந்தால் போதும், அதற்கு மேல் விலை கொடுப்பது வீண்.

லேப்டாப்பின் எச்டிஎம்ஐ பழையது, ஆனால் டைப்-சி இருக்கிறது என்றால் டைப்-சி டு எச்டிஎம்ஐ அடாப்டர் கைகொடுக்கலாம். எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டுமே ஆனவையும் உண்டு. வாங்குமுன் லேப்டாப்பின் விவரக்குறிப்பில் ‘டிஸ்பிளேபோர்ட்’ என்ற சொல் டைப்-சி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே முடியாது என்றால் 1920×1080-இல் 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். எழுத்தின் கூர்மை குறையும்தான், ஆனாலும் நாள் முழுக்க 30 ஹெர்ட்ஸில் மவுஸை நகர்த்துவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

உங்கள் டிவி அளவு இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். 43 இன்ச் 4கே திரையில் இன்ச்சுக்கு சுமார் 102 புள்ளி. 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் சுமார் 92தான். தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் டிவி என்று கருதி விண்டோஸ் தானாகவே ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 300 சதவீதம் என்று வைத்திருக்கக்கூடும். மேஜையில் என்றால் 100 அல்லது 125 போதும். டிவியை அணைத்த பிறகும் சில கணினிகள் அது இணைந்திருப்பதாகவே எண்ணி, திறக்கும் விண்டோவை அங்கே அனுப்பிவிடும். அப்படி ஒன்று காணாமல் போனால், விண்டோஸ் பட்டனையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்துங்கள், லேப்டாப் திரைக்கே வந்துவிடும்.