ஸ்டோர் ரூமில் பிளக் பாயிண்ட் இல்லை. பல்பு ஹோல்டரிலிருந்து ரவுட்டருக்கும் சிசிடிவி டிவிஆருக்கும் கரண்ட் எடுக்கலாமா?

கேட்டவர் வீட்டு நிலைமை இது: சின்ன ஸ்டோர் ரூம், உள்ளே ஒரே ஒரு லைட், அதன் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே. அங்கே ரவுட்டர், நான்கு கேமராவின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, கேமராக்களுக்கான பவர் சப்ளை மூன்றையும் வைக்க வேண்டும். ஹோல்டரில் மாட்டும் அந்த இரண்டு பின் அடாப்டர் போதுமா என்கிறார்.

வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அடாப்டரை மறந்துவிடுங்கள். ஆனால் அதே லைட் லைனிலிருந்து முறையாக எடுக்க நல்ல வழி இருக்கிறது.

லைன் தாங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். தாங்கும். ரவுட்டர் 12 வோல்ட் 1.5 ஆம்ப், அதாவது 18 வாட். டிவிஆர் 12 வோல்ட் 2 ஆம்ப், 24 வாட். கேமரா பவர் சப்ளை 12 வோல்ட் 5 ஆம்ப், முழு லோடிலும் 60 வாட்தான். சூடாகி வீணாவதையும் சேர்த்துச் சுமார் 120 வாட் என்று வையுங்கள்; 230 வோல்ட்டில் அது அரை ஆம்ப். லைட் லைனில் வழக்கமாக 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரும் 6 ஆம்ப் எம்.சி.பி.யும் (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) இருக்கும். ஒரு லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்ற கணக்குக்குள் இது தாராளமாக அடங்கும்.

எனக்குக் கவலை எர்த் பற்றித்தான். லைட் ஹோல்டருக்கு பேஸ், நியூட்ரல் இரண்டுதான் வந்திருக்கும். ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் கேட்காது. ஆனால் கேமராவுக்குப் போடும் பவர் சப்ளை பெரும்பாலும் ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டி. அதில் பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று ஸ்க்ரூ இருக்கும். எர்த் ஸ்க்ரூவை வெறுமனே விட்டால், உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர் வழியாக அந்தத் தகரத்தில் மெயின்ஸில் பாதி அளவு வோல்டேஜ் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்று உணர்வதோடு போகும். உள்ளே இன்சுலேஷன் கெட்டு பேஸ் தகரத்தில் பட்டால் கதை வேறு. எர்த் இருந்தால் அந்த நொடியே எம்.சி.பி.யோ, கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யோ விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொடும்வரை ஒன்றும் தெரியாது.

இதைவிட மோசமான ஒன்றைப் பழைய வீடுகளில் பார்க்கிறேன். எர்த் வயர் கிடைக்கவில்லை என்று மூன்று பின் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் லூப் போட்டுவிடுவார்கள். எல்லாம் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. என்றைக்காவது அந்தச் சாக்கெட்டுக்கு வரும் வழியில் நியூட்ரல் விட்டுப்போனால், அந்தச் சாக்கெட்டில் மாட்டிய பொருளின் உடம்பு முழுக்க 230 வோல்ட். தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். செய்து வைத்திருந்தால் இன்றே கழற்றச் சொல்லுங்கள்.

ஹோல்டர் அடாப்டரில் வேறு சிக்கல்களும் உண்டு. ஹோல்டருக்குள் இருப்பது ஸ்பிரிங் வைத்த இரண்டு சின்ன முனைகள். லேசான பல்பைத் தாங்கத்தான் அது. அடாப்டரும் வயரும் பக்கவாட்டில் தொங்கினால் பிடிப்பு தளர்ந்து, பொறி பறந்து, ஹோல்டர் கருகும். பழைய புடவை, அட்டைப்பெட்டி அடைத்த அறையில் அது நடக்கவே கூடாது. போதாததற்கு, யாராவது பழக்கதோஷத்தில் லைட்டை அணைத்தால் கேமரா ரெக்கார்டிங்கும் நின்றுவிடும்.

சரியான வழி உங்கள் கதவுக்கு வெளியே உள்ள ஸ்விட்ச் போர்டில் இருக்கிறது. அந்த போர்டில் ஒரு மூன்று பின் சாக்கெட் இருந்தால் ஸ்விட்சுக்கு முந்தைய பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அங்கேயே இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டோர் ரூம். போர்டின் பின்புறம் ஒரு துளை, அதில் பி.வி.சி. பைப், மூன்று வயர், உள்ளே ஒரு பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஓட்டைகளை உள்ளிருந்து மூடும் ஷட்டரும் உள்ள 6 ஆம்ப் சாக்கெட். லைட் ஸ்விட்சோடு சம்பந்தமே இல்லை. 16 ஆம்ப் சாக்கெட் மட்டும் போடாதீர்கள். பெரிய ஓட்டையைப் பார்த்தால் நாளைக்கு யாராவது ஹீட்டரைக் கொண்டுவந்து செருகுவார்கள்.

போர்டில் எர்த் வயர் இருப்பது மட்டும் போதாது, அது உயிரோடு இருக்க வேண்டும். டெஸ்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு வைத்துப் பார்ப்பது வழக்கம். நியூட்ரல் லூப் இருந்தாலும் அந்தப் பல்பு பிரகாசமாக எரியும் என்பதால், முதலில் மெயினை அணைத்து போர்டைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். வழியில் எர்த் அறுந்திருந்தால் இந்தச் சோதனையே அதே எர்த்தில் உள்ள பிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்புக்கு கரண்ட் ஏற்றிவிடும். அதனால் இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் பல்பை வைத்ததும் அது விழும். அங்கே அப்படி விழுவதுதான் சரி.

லைட் லைன் இன்வெர்ட்டரில் இருந்தால் உங்களுக்கு லாபம், கேமராவும் கரண்ட் கட்டில் ஓடும். மாறும் நொடியில் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரை, இன்னும் வேகமாக மாறும் யு.பி.எஸ். மோடில் வைத்துப் பாருங்கள்.

ரவுட்டரை மட்டும் ஹாலிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஸ்டோர் ரூம் சுவர்களைத் தாண்டி வைஃபை சோர்ந்துபோகும். ஹாலிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் டிவிஆருக்கு இழுத்தால் போதும்.

வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது என்றால் மூன்றையுமே பிளக் இருக்கும் அறையில் ஓர் அலமாரி மேல் வையுங்கள். கதவிடுக்கில் எக்ஸ்டென்ஷன் வயரை நசுக்கிக்கொண்டு போக வேண்டாம்.