தம்பி ஆன்லைன் ரம்மியிலிருந்து மீள யாரிடம் உதவி கேட்பது?

சம்பளம் முழுக்க ரம்மியில் போகிறது, லோன் ஆப்பிலும் கடன், எவ்வளவு திட்டியும் தம்பி நிறுத்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டுவதை இன்றோடு விடுங்கள். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே ஒரு கோளாறாக வகைப்படுத்தியிருக்கிறது. சிகிச்சை உண்டு.

14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். அவர் தயங்கினால் நீங்களே முதலில் பேசுங்கள். அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே ஓ.பி. சீட்டு போட்டாலே பார்ப்பார்கள். 'இன்னும் ஒரே ஆட்டம், விட்டதைப் பிடித்துவிடலாம்' என்ற எண்ணத்தைத்தான் கவுன்சிலிங்கில் முக்கியமாகக் கையாள்வார்கள்.

பணவிஷயத்தில் கறாராக இருங்கள். நகையை அடகு வைத்துக் கடனை மொத்தமாக அடைத்து அவர் கையைச் சுத்தமாக்கிவிடாதீர்கள். அந்த நிம்மதியே மறுபடி ஆடவைக்கும். எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். தவணையை நேராகக் கடன் கொடுத்தவருக்கே கட்டுங்கள். அவர் சம்மதத்தோடு சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், போனிலிருந்து யுபிஐ-யை எடுத்துவிடுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டுத் தடைசெய்தது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

'செத்துடலாம்போல இருக்கு' என்று ஒருமுறை சொன்னாலும் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.