பெயின்ட் எங்கே பல்லிளிக்கிறது? பிளாஸ்டிக் மாடல் கார் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெயின்டைப் பற்றியவை. அது நியாயம்தான். டாங்கி மாடல் என்றால் சேறும் துருவும் பூசித் தப்பை மூடிவிடலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. மின்ன வேண்டிய பாடியில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் தெரியும். அதனால் பெயின்ட் கேள்விகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த கிட்டுக்கு (ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல் பாகங்களின் பெட்டி) வெள்ளை லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட் வகை) அடித்தேன். இரண்டொரு நாளில் பாடி முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. மேலே இன்னும் வெள்ளை அடித்தும் போகவில்லையே?

எத்தனை கோட் அடித்தாலும் போகாது. சிவப்பு பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சாயம், லாக்கரில் உள்ள தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. புதிதாக அடிக்கும் ஒவ்வொரு கோட்டும் கீழே காய்ந்திருப்பதை மறுபடி இளக்குவதால், சாயம் இன்னும் கொஞ்சம் மேலே வருகிறது. சாதாரண கிரே பிரைமர் இதைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இப்போதைக்கு ஒரே வழி, பெயின்டை முழுக்க உரிப்பதுதான். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, பாடியைச் சில மணி நேரம் ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்று வரும். ஒரே தடவையில் வராவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். தேய்க்கும்போது முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களையும் விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும், உடைவது அங்கேதான். அவசரப்பட்டு லாக்கர் தின்னரில் போட்டால் பாடியே கரைந்துவிடும்.

உரித்துக் கழுவிக் காய்ந்த பிறகு லாக்கர் சில்வர் இரண்டு மெல்லிய கோட். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து சாயத்தை மறிக்கும். அதன்மேல் வெள்ளை பிரைமர், பிறகு வெள்ளை. அடுத்த முறை சிவப்போ ஆரஞ்சோ கலந்த பிளாஸ்டிக் வந்தால், கூரையின் உட்பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை அடித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். கறுப்போ கருநீலமோ அடிப்பதாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

கேள்வி: பாடியைப் பெட்டியிலிருந்து எடுத்தது முதல் பிரைமர் வரை என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை மோல்டு கோட்டைத் தேடுவது. அச்சின் இரண்டு பக்கங்கள் சேரும் இடத்தில் மயிரிழை அளவு மேடு இருக்கும். கார்களில் அது பெரும்பாலும் பம்பர் மூலையிலிருந்து மட்கார்டின் முதுகு வழியாக ஏறி, தூண்களில் ஓடி, டிக்கி மூலையில் இறங்கும். வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நகத்தால் வருடினால் சிக்கும். கத்தியின் கூர்ப்பக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள்; பிறகு 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கவும். இதை விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு பளபளப்புக் கோட்டும் அந்த மேட்டை இன்னும் எடுப்பாகத்தான் காட்டும்.

அடுத்து, கதவு, பானெட், டிக்கி இடுக்குகள். பிரைமர், கலர், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று ஏழெட்டுக் கோட் ஏறும்போது இடுக்கு தூர்ந்துவிடும். ஆகவே முன்கூட்டியே ஸ்கிரைபரால் (கோடு கீறும் கூர்முனைக் கருவி) ஆழப்படுத்த வேண்டும். அழுத்தாமல், இடுக்கின் போக்கிலேயே நாலைந்து முறை மெல்ல இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் ஆழமாக்கப் பார்த்தால் முனை வழுக்கி, கதவின் நடுவே கீறிவிடும்.

பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, மறுநாள் தேய்க்கவும். பட்டி காயும்போது சுருங்குவதால் கொஞ்சம் மேடாகவே வைக்க வேண்டும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும். கழுவிய பின் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பிரைமர் அடித்ததும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் தெரியாத கீறல்கள் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியவரும். பிரைமரைக் கடைசிச் சோதனையாக எடுத்துக்கொள்கிறவரின் கார்தான் பிறகு மின்னும்.

கேள்வி: ஸ்ப்ரே கேன்தான் பயன்படுத்துகிறேன். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் வருகிறது. பாலிஷ் செய்தால் ஓரங்களில் பிரைமர் தெரிகிறது.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள்.

ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம், துளிகள் பரவிச் சமமாவதற்குள் காய்ந்துவிடுவது. கேனை வெகு தொலைவில் பிடித்தாலோ, கேன் குளிர்ந்திருந்தாலோ, கடைசிக் கோட் வரை பயந்து பயந்து தூவினாலோ இப்படித்தான் வரும். கேனை 40 டிகிரிக்கு மிகாத வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, துடைத்து, ஒரு நிமிடம் குலுக்குங்கள். அழுத்தம் கூடி, துளி சிறிதாகும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது; கேன் வெடிக்கும். தூரம் 15 முதல் 20 செ.மீ. பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாடியைக் கடந்து, வெளியே போன பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் இரண்டு கோட் வெறும் தூறல். பிளாஸ்டிக் தெரிந்தாலும் பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் அடுத்த இரண்டு கோட் ஈரம் மின்னும் அளவுக்கு. பக்கவாட்டு விளக்கில் அந்த ஈரப் பளபளப்பு தெரிந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு வீச்சு அடித்தால் வழியும்.

ஓரம் தேய்வதற்குக் காரணம் வேறு. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பில் தங்காமல் தானாகவே விலகும். அதனால் மட்கார்டு விளிம்பு, பானெட் மடிப்பு, கதவின் ஓரம் எல்லாவற்றிலும் பூச்சு எப்போதுமே மெலிசு. கிளியர் நான்கு கோட் அடியுங்கள். லாக்கர் என்றால் ஒரு வாரம் காயட்டும். முகர்ந்து பாருங்கள், பெயின்ட் வாசனை வந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. பிறகு 2 மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பை எல்லா விளிம்புகளிலும் ஒட்டிவிட்டு, சமதளங்களை மட்டும் 2000, 3000, 6000 என்று ஈரத்தில் தேய்க்கவும். டேப்பை எடுத்து, பாலிஷ் காம்பவுண்டை முரடு, நடுத்தரம், மென்மை என்ற வரிசையில் மெல்லிய துணியால் போடுங்கள். விளிம்புகளுக்குக் கடைசிக் காம்பவுண்டே போதும்.

தேய்க்கும் தண்ணீரில் கலர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளையாக வரும்வரை கிளியரில் இருக்கிறீர்கள். காரின் கலர் கலந்தால் உடனே நிறுத்த வேண்டும். உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் என்றால் கிளியர் போடாமல் தேய்க்கவே கூடாது. துகள்கள் வெட்டுப்பட்டுத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

கேள்வி: ஈரப்பதமான நாளில் அடித்தேன். கறுப்பு பாடி வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. உரிக்க வேண்டுமா?

வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. காற்று வறண்ட ஒரு நாளில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் சிறு கருவி) ஒரு மெல்லிய தூறல் அடியுங்கள். பெயின்ட் இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பும்.

கேள்வி: 1/24, 1/25 (உண்மையான காரில் 24-இல், 25-இல் ஒரு பங்கு) அளவுக் கிட்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாமா?

4,800 மி.மீ. நீளமுள்ள கார் 1/24 அளவில் 200 மி.மீ., 1/25 அளவில் 192 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூர்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். 600 மி.மீ. டயர் 25 மி.மீ., 24 மி.மீ. என்று ஆகும், ஆகவே சக்கரம், இருக்கை, இன்ஜின் ஆகியவற்றைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். முழு பாடிக்கு வேறு கிட்டின் சேசிஸ் மாட்டுவதென்றால் மட்டும் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை முதலில் அளந்துவிடுங்கள். டாமியா, ஃபுஜிமி, ஆவோஷிமா, ஹசேகாவா கார்கள் பெரும்பாலும் 1/24, ஏ.எம்.டி., எம்.பி.சி. 1/25, ரெவெல்லில் இரண்டும் உண்டு.

கேள்வி: இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒயர் போட ஆசை. எந்தத் தடிமனில் வாங்குவது?

நல்ல ஆசை. பானெட்டைத் திறந்ததும் கண் முதலில் போகிற இடம் இது. உண்மையான பிளக் ஒயர் 7 முதல் 8 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் சுமார் 0.3 மி.மீ. கையில் கிடைத்தது 0.5 என்று அதைப் போட்டால், காரில் 12 மி.மீ. தடிமன், தோட்டத்து ஹோஸ்போலத் தெரியும். இதே கணக்கில் 40 மி.மீ. ரேடியேட்டர் ஹோஸுக்கு 1.6 மி.மீ. சாலிடர் கம்பி பொருத்தம். வளைத்தால் வளைத்தபடி நிற்கும், நிமிர்ந்துகொள்ளாது.

எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூடியில் ஓரத்தைச் சுற்றி எட்டு ஓட்டை, நடுவில் மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, ஆக ஒன்பது. ஊசியால் முதலில் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கும். 0.35 அல்லது 0.4 மி.மீ. பிட்டைக் கைப்பிடி டிரில்லில் மாட்டி, விரலால் உருட்டி, 1 மி.மீ. ஆழம் போங்கள். ஒவ்வொரு ஒயரையும் தேவையைவிட நீளமாக வெட்டி, முனையில் துளி சூப்பர் குளூ தொட்டு, டிஸ்ட்ரிபியூட்டரில் முதலில் நடவும். ஒன்பதும் காய்ந்த பிறகே மறுமுனையை அளந்து வெட்டிப் பிளக் ஓட்டையில் செருக வேண்டும். இரு முனைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஒன்றைச் செருகும்போது இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும்.

எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்பதையும் பார்த்துச் செய்தால் அழகு கூடும். ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-இல் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வழக்கமான வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் இடதுபக்கம் அமரும் காரில் அவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. மூடியை மேலிருந்து பார்த்து, கடிகாரச் சுற்றில் இந்த வரிசைப்படி ஒயரை எடுத்துச் செல்லுங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலேயே காயில் இருப்பதால் இந்த ஒயரே கிடையாது. எனவே உங்கள் காரின் இன்ஜின் படத்தைப் பார்த்த பிறகு டிரில்லை எடுங்கள்.

கேள்வி: சூப்பர் குளூ போட்டதும் கண்ணாடி பனிபோல் வெளுத்துவிட்டது.

குளூ காயும்போது எழும் ஆவி கண்ணாடியில் படிந்து உறைவதால் வருவது. மென்மையான பாலிஷ் காம்பவுண்டால் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். இனிமேல் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை அல்லது மாடல்களுக்கென்றே வரும் தெளிந்த பசை. சூப்பர் குளூ போட்ட வேறு பாகமாக இருந்தாலும், நன்றாகக் காய்ந்து காற்றாடிய பிறகே மூடிய கேபினுக்குள் வையுங்கள்.

கேள்வி: குரோம் பம்பர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பும் தெரிகிறது.

மாடல் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. குரோம் என்பது மேலே படிந்த அலுமினியப் படலம், அதைச் சிமென்ட் ஒன்றும் செய்யாது. ஒட்டும் இடத்தில் மட்டும் இரு பக்கமும் கத்தியால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். சிறு தழும்புக்குக் குரோம் மார்க்கர் பேனாவால் ஒரு தொடுதல் போதும்.

பம்பர் முழுக்க மோல்டு கோடு ஓடினால் குரோமையே எடுத்துவிடுவது நல்லது. வீட்டில் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச்சில் போட்டால் அலுமினியம் கரைந்து போகும். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். பிளீச்சோடு அமிலமோ வேறு கிளீனரோ சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். கழுவித் தேய்த்த பிறகு பளபளப்புக் கறுப்பு அடித்து, அது முழுக்கக் காய்ந்ததும் ஏர்பிரஷில் குரோம் பெயின்டை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மிக மெல்லிசாகத் தூவவும். கறுப்பு கண்ணாடிபோல் இருந்தால்தான் குரோம் குரோமாகத் தெரியும். கனமாக அடித்தால் வெறும் சில்வராகிவிடும்.

கேள்வி: டெக்கலுக்குக் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத் தாள்) கீழே வெள்ளி நிறத்தில் காற்று தெரிகிறது.

சொரசொரப்பான பரப்பில் ஒட்டியிருப்பீர்கள். மேடுபள்ளங்களுக்கு இடையில் காற்று அடைபட்டு மின்னுகிறது. நுண் ஊசியால் அந்த இடத்தில் மட்டும் குத்தி, மைக்ரோ சால் போன்ற டெக்கல் இளக்கியைத் தொட்டு வைக்கவும். டெக்கல் சுருங்கிக் கோணலாகும். அப்போது விரலே வைக்காதீர்கள். அது தானே படியும். படியாத இடத்துக்கு மறுநாள் இன்னொரு தடவை. முழுக்கக் காய ஒரு நாள் விட்டு, கிளியரின் முதல் இரண்டு கோட்டை உலர்ந்த தூறலாக மட்டும் அடியுங்கள். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்த லாக்கர் கிளியர் டெக்கலைத் தின்றுவிடும்.

கேள்வி: பெட்டியிலேயே பல ஆண்டுகள் கிடந்த கிட். ரப்பர் டயர் பட்ட இடத்தில் சக்கரம் உருகியதுபோல் இருக்கிறது.

டயர் பெரும்பாலும் இளக்கி எண்ணெய் கலந்த வினைல். அந்த எண்ணெய் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. குழிந்த இடத்தைப் பட்டி வைத்துச் சரிசெய்யலாம். கட்டும்போது டயருக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு சுற்று உலோகத் தகட்டுத் தாள் வைத்துவிடுங்கள். கட்டாத கிட்களில் டயர்களைத் தனிக் கவரில் போட்டு, கண்ணாடிப் பாகங்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். கண்ணாடியையும் அது விடாது.