தெரு உரத்தொட்டி முதல் மன்றத் தீர்மானம் வரை: கேள்வி பதில்

கேள்வி: சார், இருபது வீடுகள் சேர்ந்து மக்கும் குப்பையை ஒரே தொட்டியில் போடுகிறோம். இரண்டாவது வாரமே அழுகிய முட்டை நாற்றம். எதிர்வீட்டுக்காரர் கவுன்சிலரிடம் புகார் கொடுத்துவிட்டார்.

பதில்: அந்த நாற்றம் வந்தால் குவியலுக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். அநேகமாக ஈரம்தான் காரணம். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் ஈரம் அதிகம். இப்போதைக்கு மொத்தத்தையும் வெளியே அள்ளி, சருகும் கிழித்த அட்டையும் கலந்து திரும்பப் போடுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி பரப்பினால் காற்று நுழையும்.

இனிமேல் ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி சருகு. சருகில் கூடுதலாக உள்ள கார்பனும் சமையலறைக் கழிவில் கூடுதலாக உள்ள நைட்ரஜனும் 25 அல்லது 30க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. மரத்தூளை மட்டும் நம்பாதீர்கள், நனைந்தால் களிபோல அடைத்துக்கொள்ளும். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது. அதற்கும் சருகுதான் மருந்து. பல தெருக்களில் இந்த வேலை படுத்துவிடுவது சருகு மூட்டைகளைச் சேர்த்து வைக்காமல் தொடங்குவதால்தான். புகார் கொடுத்தவரையே வாரம் ஒருமுறை வந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குவியலில் நாற்றம் இல்லை, ஆனால் சூடும் ஏறவில்லையே?

பதில்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்கிறதா? அதைவிடச் சிறிய குவியலில் சூடு தங்காது. நீண்ட கம்பி வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸைத் தொட்டு மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி கிளறுங்கள். 70ஐ நெருங்கினால் உடனே கிளற வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்களே மடியும்.

கேள்வி: 'மக்கும்' என்று அச்சிட்ட பையோடு போடலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் பல பெரிய ஆலைகளின் நீடித்த சூட்டில் மக்குவதற்கென்று செய்தவை. தெருத் தொட்டியில் கந்தல் கந்தலாகக் கிடக்கும்.

கேள்வி: தெருமுனையில் மழைநீர் தேங்குகிறது. அங்கே மழைத்தோட்டம், அதாவது மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம், போடலாமா?

பதில்: முதலில் ஒரு அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் குறியுங்கள். 24 மணி நேரத்தில் வடியாவிட்டால் அந்த இடம் தோதில்லை. கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். அளவுக்குக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி அமையுங்கள். நிரம்பி வழியும் நீருக்கு வழி விட மறக்க வேண்டாம்.

கேள்வி: "எங்கள் பகுதியைப் பசுமையாக்குங்கள்" என்று உள்ளாட்சி மன்றத்துக்கு மனு கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. பதிலே இல்லை, ஐயா.

பதில்: அந்த வாசகத்தை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. ஒரு மனுவில் ஒரே வேலையைக் கேளுங்கள்: எந்த இடம், எத்தனை மீட்டர், எத்தனை மரக்கன்று, வரைபடம், புகைப்படம். அதற்கும் முன்னால் நிலம் யாருடையது என்று பாருங்கள். சாலையோரம் ஒரு துறை, வடிகால் வேறொரு துறை என்று இருக்கலாம். மன்றத்துக்குச் சொந்தமில்லாத இடத்துக்குக் கொடுத்த மனு அப்படியே தூங்கும்.

பராமரிப்புதான் பெரிய முட்டுக்கட்டை. நடும் செலவு ஒருமுறை, தண்ணீர் ஊற்றும் செலவோ ஆண்டுதோறும். அதிகாரிகள் தயங்குவது இரண்டாவதுக்கு. முதல் இரண்டு ஆண்டுகள் யார் எந்த நாளில் ஊற்றுவார்கள் என்ற பட்டியலை மனுவோடு இணையுங்கள். பட்ஜெட் நிறைவேறிய பிறகு போகாமல், தயாராகும்போதே போங்கள். ஒப்புகை எண் வாங்குங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்ன "பார்க்கலாம்" கணக்கில் வராது, தீர்மான எண்தான் கணக்கு.

கேள்வி: அனுமதி கிடைத்தும் போன முறை நட்ட கன்றுகள் பட்டுப்போயின.

பதில்: ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டின் உயரமே குழியின் ஆழம்; அகலம் மட்டும் இரண்டு, மூன்று மடங்கு. தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். மண்ணின் மேல் சருகு பரப்பும் மூடாக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் போதும், தண்டைத் தொடக் கூடாது.